‘ரொம்ப நீளம்’ என்று யார் சொல்கிறார்கள்?

2021 நவம்பர் மாதம் இரண்டு படங்கள் இணையத்தில் வெளிவந்தன. 2ஆம் தேதி ‘ஜெய் பீம்’. 25ஆம் தேதி தொடங்கி அடுத்தடுத்து மூன்று நாட்கள், மூன்று பாகங்களாக, பீட்டில்ஸ் குழுவைப் பற்றி பீட்டர் ஜாக்சன் தொகுத்த ‘கெட் பேக்’. முதல் படம் எங்கள் கடலூர் மாவட்டத்துக் கதை. 1993இல் விருத்தாசலம் பக்கம் முதனையைச் சேர்ந்த ஒருவர் போலீஸ் பிடியில் கொல்லப்பட்டதிலிருந்து பிறந்தது. இரண்டாவது, 1969 ஜனவரியில் லண்டனில் நான்கு இளைஞர்கள் பாட்டுக் கட்ட உட்கார்ந்து, சண்டை போட்டு, டீ குடித்து, கடைசியில் மொட்டை மாடியில் ஏறி வாசித்த கதை.

இரண்டுக்கும் வந்த எதிர்வினைகளை ஒரே கைப்பேசியில், மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ‘ஜெய் பீம்’ படத்தில் ஒரு மனிதனை லாக்கப்பில் அடித்தே கொல்கிறார்கள். எங்கள் பகுதியில் பேச்சு முழுக்கச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பற்றி. காலண்டர் படத்தை மாற்றிய பிறகும் அடங்கவில்லை. வன்னியர் சங்கம் 5 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. சூர்யா வீட்டுக்கு போலீஸ் பாதுகாப்புப் போட்டார்கள். செத்தவர் குறவர், அவரைப் படத்தில் இருளராக்கியது ஏன் என்ற நியாயமான கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. திட்டக்குடி பஸ் நிலைய டீக்கடையில் அந்த மாதம் ராஜாக்கண்ணு என்ற பெயரை நான் இரண்டு முறை கேட்டிருப்பேன். காலண்டர் என்ற சொல்லை எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை.

‘கெட் பேக்’ படத்துக்கு வந்த எதிர்வினைகள் வேறு உலகம். கிட்டத்தட்ட எட்டு மணி நேரப் படம். சுமார் 60 மணி நேரக் காட்சிப் பதிவும் 150 மணி நேர ஒலிப்பதிவும் அரை நூற்றாண்டு பெட்டியில் கிடந்து, அதிலிருந்து எடுத்தது. பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒன்றுமே நடக்கவில்லை, டோஸ்ட் தின்கிறார்கள், கொட்டாவி விடுகிறார்கள், பழைய பாட்டை ஜோக்கடித்துப் பாடுகிறார்கள், இதைப் பார்க்க ஒரு வாரம் லீவு போடணுமா என்றது ஒரு கட்சி. அந்த ஒன்றும் நடக்காத நேரத்தில்தான் எல்லாம் நடக்கிறது என்றது இன்னொன்று. இரண்டாவது கட்சி திரும்பத் திரும்பச் சொன்ன காட்சி ஒன்று உண்டு. லெனன் இன்னும் வந்து சேரவில்லை. மெக்கார்ட்னி பேஸ் கிதாரை வெறுமனே தட்டிக்கொண்டிருக்கிறார். ஹாரிசனும் ரிங்கோவும் தூக்கக் கலக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அந்தத் தட்டலிலிருந்து, சொல்லில்லாத முணுமுணுப்பிலிருந்து, உலகமே அறிந்த ஒரு பாட்டின் மெட்டு எழுந்து வருகிறது. பாட்டு பிறப்பதைக் கண்ணால் பார்த்தோம் என்று பலர் எழுதினார்கள்.

இன்னொரு பெரிய எதிர்வினை யோகோ ஓனோவைப் பற்றியது. குழுவைப் பிரித்தவள் இந்த ஜப்பான்காரி என்று ஐம்பது ஆண்டுகளாக ஒரு வசை. படத்தில் அந்தப் பெண் பெரும்பாலும் ஓரமாக உட்கார்ந்து நாளிதழ் படிக்கிறாள், தைக்கிறாள், தபால் பிரிக்கிறாள். ஹாரிசன் கோபித்துக்கொண்டு ஜனவரி 10ஆம் தேதி வெளியேறுவதும் நம் கண் முன்னால்தான் நடக்கிறது. அதற்கு யோகோ காரணமில்லை என்பதும் தெரிகிறது. அந்த ஒரு மாதத்தைப் பொறுத்தவரை, வதந்தியின் வாயை அடைக்க வாதம் தேவைப்படவில்லை. ஓடிக்கொண்டிருந்த கேமரா போதுமானதாக இருந்தது.

வெள்ளைக்காரப் பணக்கார ராக் குழுவைப் பற்றி இந்தத் தளத்தில் என்ன பேச்சு என்று கேட்கும் தோழர்களுக்கு ஒன்று. இந்த நால்வரும் லிவர்பூல் துறைமுக நகரத்துச் சாதாரண வீட்டுப் பிள்ளைகள்; ஹாரிசனின் அப்பா பஸ் ஓட்டியவர். ‘கெட் பேக்’ பாட்டு தொடக்கத்தில், குடியேறிகளைத் துரத்து என்று அன்றைய பிரிட்டனில் கூச்சலிட்டவர்களைக் கிண்டலடித்துப் பார்த்த முயற்சியாக இருந்தது என்பதும் படத்தில் வருகிறது. ஆனால் என் அக்கறை அவர்கள் மீது இல்லை. அவர்களுக்குக் கிடைத்த அந்த எட்டு மணி நேரத்தின் மீது.

சும்மா இருக்கும் கலைஞனை எட்டு மணி நேரம் பார்க்க உலகம் தயாராக இருக்கிறது. அவன் தப்பாக வாசிக்கலாம். ஒரே வரியை நாற்பது முறை மாற்றிப் போடலாம். சோம்பலாக இருக்கலாம். இதெல்லாம் அவனுடைய கலை வேலையின் பகுதி என்று ஏற்றுக்கொள்ளப்படுகிறது. நம் பாடகர்களுக்கு அந்த நேரம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று யோசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்த ஒரே நீண்ட படம் ஆனந்த் பட்வர்தனின் ‘ஜெய் பீம் காம்ரேட்’.

2011இல் முடிக்கப்பட்ட படம் அது. மூன்று மணி நேரத்துக்கும் மேல். எடுத்து முடிக்க 14 ஆண்டுகள். 1997 ஜூலை 11 காலை, மும்பை காட்கோபரில் ரமாபாய் நகர் மக்கள் எழுந்து பார்க்கும்போது அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டிருந்தது. திரண்ட மக்கள் மீது மாநில ரிசர்வ் போலீஸ் சுட்டது. 10 பேர் செத்தார்கள். சில நாட்களில் விலாஸ் கோக்ரே என்ற பாடகர், தலையில் நீலத் துணி கட்டிக்கொண்டு தூக்கில் தொங்கினார். பட்வர்தனின் முந்தைய படம் ஒன்றில், மும்பைக் குடிசைவாசிகளைப் பற்றிய படம் அது, பாடியவர் இந்த கோக்ரே. வாழ்நாள் முழுக்கச் செங்கொடிப் பாட்டுப் பாடியவர் சாகும்போது ஏன் நீலத்தைக் கட்டினார் என்ற கேள்வியோடு கேமரா கிளம்புகிறது. அவர் இருந்த இடதுசாரிக் கலைக்குழுவே அவரை வெளியேற்றியிருந்தது என்ற செய்தியும் வழியில் வருகிறது. துப்பாக்கிச் சூட்டு வழக்கு இழுக்கிறது. 2009இல் சப் இன்ஸ்பெக்டர் மனோகர் கதமுக்கு ஆயுள் தண்டனை, பிறகு அவருக்குப் பிணை. இதற்குள் படம் புனேவுக்குப் போய்விடுகிறது. 2002 குஜராத் வன்முறைக்குப் பிறகு உருவான கபீர் கலா மஞ்ச் என்ற இளைஞர் குழு, அதில் ஷீத்தல் சாத்தே என்ற பெண்ணின் குரல்.

அந்தக் குரலைப் பற்றி நான் எழுதுவதைவிட நீங்கள் கேட்டுக்கொள்வது நல்லது.

படம் வெளிவந்தபோது குழுவில் பாதிப் பேர் தலைமறைவு. 2011 மே மாதம் மகாராஷ்டிர பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு குழுவைச் சேர்ந்தவர்களைக் கைது செய்யத் தொடங்கியது; குற்றச்சாட்டு மாவோயிஸ்ட் தொடர்பு. 2013 ஏப்ரல் 2ஆம் தேதி ஷீத்தல் சாத்தேவும் சச்சின் மாளியும் மும்பை சட்டமன்ற வளாகத்தின் முன்னால் வந்து நின்று தங்களை ஒப்படைத்தார்கள். இது சரணடைதல் கிடையாது, சத்தியாகிரகம் என்றார்கள். ஷீத்தல் அப்போது கர்ப்பிணி. அவருக்குச் சில மாதங்களில் பிணை கிடைத்தது. சச்சினுக்கும் சாகர் கோர்க்கேவுக்கும் ரமேஷ் கைச்சோருக்கும் உச்ச நீதிமன்றத்தில் பிணை கிடைக்க 2017 ஜனவரி ஆனது. 2020 செப்டம்பரில், பீமா கோரேகான் வழக்கில், கோர்க்கேவையும் கைச்சோரையும் ஜோதி ஜக்தாப்பையும் என்ஐஏ மறுபடி கைது செய்தது.

‘கெட் பேக்’ படத்தின் கடைசியிலும் போலீஸ் வருகிறது. ஜனவரி 30, மொட்டை மாடிக் கச்சேரி. சத்தம் தாங்கவில்லை என்று புகார். இளவயதுக் கான்ஸ்டபிள்கள் இருவர் கீழே வரவேற்பறையில் நின்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிறார்கள். அலுவலகத்துக்காரர்கள் பேச்சுக் கொடுத்தே அவர்களை இழுத்தடிக்கிறார்கள். படத்தில் அதுதான் நகைச்சுவைப் பகுதி. பார்த்த எல்லோரும் அதைக் குறிப்பிட்டுச் சிரித்திருந்தார்கள். நானும் சிரித்தேன். பாட்டைக் கேட்டு போலீஸ் வருவது நகைச்சுவைக் காட்சியாக அமைய, எந்தத் தெருவில் எந்த வீட்டு மாடியில் நீங்கள் பாடுகிறீர்கள் என்பது முக்கியம்.

‘ஜெய் பீம் காம்ரேட்’ படத்துக்கு வந்த எதிர்வினைகளுக்கு வருகிறேன். 2012 ஜனவரியில் மும்பை பைகுல்லாவின் பிஐடி சாளில் திறந்தவெளியில் முதல் பொதுத் திரையிடல். பிறகு ரமாபாய் நகரிலும் வேறு பல குடியிருப்புகளிலும். திரைப்பட விழாக்களில் பரிசுகள். அந்தக் குடியிருப்புகளில் மக்கள் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார்கள் என்பது பலரும் பதிவு செய்த செய்தி. நகரத்துப் படித்த பார்வையாளர்கள் பலரிடமிருந்து வந்த முதல் சொல், ‘நீளம்’. ஒரு மணி நேரம் குறைத்திருக்கலாம். இரண்டு படமாக ஆக்கியிருக்கலாம். பாட்டைக் குறைத்திருக்கலாம்.

அம்பேத்கரியத் தோழர்கள் எழுப்பிய விமர்சனம் இதைவிடக் கனமானது. எடுத்தவர் தலித் இல்லை. தலைப்பிலேயே ‘காம்ரேட்’ என்று சேர்த்துக்கொள்கிறார். தலித் தலைவர்கள் விலைபோனதை நீட்டிக் காட்டுகிறார், இடதுசாரிகளின் சாதியை அந்த அளவுக்குத் தோண்டவில்லை. நம் சாவும் நம் பாட்டும் இன்னொருவரின் அரசியல் வாதத்துக்குச் சான்றுகளாகின்றன. இதில் பெரும்பகுதியோடு எனக்கு உடன்பாடு. கோக்ரேவை வெளியேற்றியவர்களை நிறுத்தி வைத்துக் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் சில இருந்தன என்றே எனக்கும் படுகிறது. ஆனாலும் நீளத்தைப் பற்றிய புகாரையும் இந்த விமர்சனத்தையும் ஒரே பையில் போட முடியாது. ஒன்று, எங்களை யார் சொல்கிறார் என்று கேட்கிறது. மற்றது, உங்களைப் பற்றி இவ்வளவு நேரம் கேட்க முடியாது என்கிறது. வாட்ஸப்பில் ஷீத்தலின் இரண்டு நிமிடப் பாட்டுத் துண்டை அனுப்பி ‘கூஸ்பம்ப்ஸ்’ என்று எழுதுபவர்களில் எத்தனை பேர், அதே படத்தின் இறுதிப் பகுதியில் அந்தப் பெண்ணின் தாயார் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டிருப்பார்கள்? பாட்டு வந்த வீடு அது.

சென்ற ஆண்டு ஒரு கோடையிரவில் இந்தப் படத்தை எங்கள் ஊர்க் காலனியில் போட்டோம். திட்டக்குடியிலிருந்து வெள்ளாற்றங்கரையோரமாகக் கொஞ்ச தூரம். நண்பரின் புரொஜெக்டர், சமுதாயக்கூடத்துச் சுவர். மராத்தியும் இந்தியும் பேசும் படம், கீழே ஆங்கில எழுத்து. நான் பக்கத்தில் மைக் வைத்துக்கொண்டு தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கிராமத்து மக்கள் கண் இமைக்காமல் பார்த்தார்கள் என்றெல்லாம் எழுத மாட்டேன். முதல் அரை மணியில் பையன்கள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள், அன்றைக்கு ஐபிஎல். பெண்கள் பலர் உலை வைக்கப் போய்த் திரும்பி வந்து, விட்ட இடத்தில் என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டார்கள். பத்து மணிக்குக் கரண்ட் போனது. வந்த பிறகு முப்பது பேர் இருந்தார்கள். அவர்கள் முடியும்வரை இருந்தார்கள்.

அன்று கேட்ட மூன்று எதிர்வினைகளை இங்கே வைக்க வேண்டும்.

செருப்பு மாலைச் செய்தி வரும் இடத்தில் நான் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. மைக்கை வாயருகே கொண்டுபோவதற்குள் பின்னாலிருந்து ஒரு அக்கா கேட்டார்: “அங்க சிலைக்குக் கூண்டு போடலியா?” தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் அம்பேத்கர் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறார். அதைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு, கூண்டில்லாத சிலை கவனக்குறைவாகத் தெரிகிறது. நானும் அந்தப் படத்தை ஏழெட்டு முறை பார்த்திருக்கிறேன். எனக்கு இந்தக் கேள்வி வந்ததில்லை.

இரண்டாவது, ஒரு பறை வாத்தியக்காரர். எழுபது வயதுக்கு மேல். மராத்திப் பாட்டுகளுக்குத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். சில இடங்களில் படத்தில் இருப்பவர்களைவிட முன்னதாகவே அடுத்த அடிக்குப் போய்விட்டார். படம் முடிந்ததும் கேட்டார்: “ஒரு பாட்டுக்கு என்னா தருவாங்க இவங்களுக்கு?” நான் திகைத்துப் போனேன். இயக்கப் பாடகர்கள், காசுக்குப் பாடுவதில்லை என்று ஏதோ சொன்னேன். “அப்ப சோத்துக்கு?” என்றார். கோக்ரேவின் வாழ்க்கைக்குள்ளேயே இருந்த கேள்வி இது. ஒன்றேகால் மணி நேரப் படமாக வெட்டியிருந்தால் முதலில் போயிருக்கக்கூடியது, அவருடைய குடிசையும் வறுமையும் வரும் அந்தப் பகுதிகள்தான்.

மூன்றாவதும் அவர் சொன்னதே. “எல்லாரும் அழுவுறாங்க, இல்லன்னா பாடுறாங்க. கத்துக்கிறத ஒரு தரம்கூட காட்டலியே.”

எனக்கு அன்று தூக்கம் போனது இந்த வாக்கியத்தால். பட்வர்தன் படத்தில் வீட்டுக் காட்சிகள் உண்டு, பேச்சு உண்டு, சிரிப்பும் உண்டு. ஆனாலும் கிழவர் சொல்வது உண்மை. நம் கலைஞர்களைப் பற்றிய படங்களில் நாம் வரும் நேரங்கள் இரண்டு: வன்முறை நடந்த பிறகு அழும் நேரம், மேடை ஏறிக் கர்ஜிக்கும் நேரம். நடுவிலுள்ள நீண்ட பொழுது, அதாவது தப்பாக அடித்து, திட்டு வாங்கி, மறுபடி அடித்து, அடி கூடிவரும் பொழுது, படத்தில் கிடையாது. பார்வையாளருக்கு நம்மிடமிருந்து வேண்டியது ஒன்று துயரம், இல்லாவிட்டால் ஆவேசம். முற்போக்குப் பார்வையாளரையும் சேர்த்தே சொல்கிறேன். உழைப்பு வேண்டாம். உழைப்பைக் காட்டாத இடத்தில் திறமை ‘ரத்தத்தில் ஊறியது’ ஆகிவிடுகிறது. பறை அடிப்பது இவர்களுக்குப் பிறவியிலேயே வரும் என்று ஒரு பேராசிரியர் பாராட்டாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். மெக்கார்ட்னியைப் பற்றி யாரும் அப்படிச் சொல்ல முடியாது. அவர் தேடித் தடவித்தான் மெட்டைக் கண்டுபிடித்தார் என்பதற்குச் சான்று இருக்கிறது.

இங்கே சென்னைக்கு வருவோம். 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் முறை மேடை ஏறியது. பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கட்டிய குழு. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதிபேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து பெயர். கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில். சட்டியும் டிரம்ஸும் கிதாரும் அருகருகே. தமிழ்நாட்டில் நம் தலைமுறைக்கு ஒரு ராக் குழு இருந்தது என்றால் அது இதுதான். அந்தக் குழுவின் முதல் ஒத்திகையில் கானா பாடகரும் கிதார்க்காரரும் எந்தச் சுதியில் சந்தித்தார்கள்? யார் முதலில் விட்டுக்கொடுத்தார்கள்? எந்த வரி எத்தனை முறை மாறியது? எட்டு மணி நேரம் வேண்டாம், அதில் இரண்டு மணி நேரத்தை நாம் உட்கார்ந்து பார்க்க ஒரு படம் நம் கையில் இருக்கிறதா? நம்மிடம் இருப்பதெல்லாம் மேடைப் பதிவுகள், பேட்டிகள், துண்டுகள்.

துண்டுகளுக்கு என்ன நடக்கும் என்பதை 2024 நவம்பரில் பார்த்தோம். இசைவாணி 2018இல் பாடிய ஐயப்பன் கோயில் நுழைவு பற்றிய பாட்டின் துண்டு ஒன்று, ஆறு ஆண்டுகள் கழித்துச் சுற்றுக்கு விடப்பட்டது. புகார்கள், வசைகள், மிரட்டல்கள். 2020இல் பிபிசியின் உலகின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்ற பாடகிக்கு இந்த நிலை. நீண்ட படம் ஒன்று இருந்திருந்தால் வசை பாடியவர்கள் திருந்தியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்தக் குழுவில் ஒரே பெண்ணாக நின்று அவர் என்ன வேலை செய்தார் என்பதைத் தெரிந்துகொள்ள நினைத்த நல்ல மனதுக்காரர்களுக்கும் அந்த வாரம் கையில் கிடைத்தது அதே துண்டுதான்.

அறிவின் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தது. அவருடைய பாட்டியின் இலங்கைத் தேயிலைத் தோட்ட வாழ்க்கை அந்தப் பாட்டின் உயிர். அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகு அவருக்குத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலேயே அந்தப் பாட்டு மேடையேறியது. வரியும் மெட்டும் தன் உழைப்பு என்று அவர் எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். நாமெல்லாம் அவரவர் சாய்வுக்கு ஏற்பக் கட்சி கட்டினோம். எனக்கும் ஒரு கட்சி உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அந்த அறைக்குள் ஒரு கேமரா ஓடிக்கொண்டிருந்திருந்தால்? யோகோவுக்குக் கிடைத்த நியாயம், ஐம்பது ஆண்டு தாமதமானாலும், அப்படித்தான் கிடைத்தது.

பில்லி பிரஸ்டன் என்று ஒரு கறுப்பினக் கீபோர்டு கலைஞர் ‘கெட் பேக்’ படத்தில் நடுவில் வந்து சேர்கிறார். அவர் வாசிக்கத் தொடங்கியதும் அறையின் முகமே மாறுவதைப் பார்க்கலாம். 1969 ஏப்ரலில் அந்தப் பாட்டு இசைத்தட்டாக வந்தபோது, தட்டின் மேலேயே ‘பீட்டில்ஸ், உடன் பில்லி பிரஸ்டன்’ என்று அச்சிட்டிருந்தார்கள். நம் ஊரில் ஒரு சினிமாப் பாட்டுக்குப் பறை வாசித்தவர் பெயரைத் தேடிப்பாருங்கள். ‘நாட்டுப்புறக் கலைஞர்கள்’ என்றிருக்கும், அதுவும் இருந்தால்.

பறையைப் பற்றி யாரும் படமே எடுக்கவில்லை என்று சொல்லவில்லை. ஜோயி ஷெரினியன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் பறைக் கலைஞர்களைப் பற்றி 2011இல் ஒரு ஆவணப்படமும், பிறகு திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பறை கற்கும் தலித் இளம்பெண்களைப் பற்றி இன்னொன்றும் எடுத்தார். அந்த இரண்டாவது படத்தில் கற்றுக்கொள்வது இருக்கிறது. எங்கள் ஊர்க் கிழவர் கேட்டது ஓரளவு அதில் உண்டு. அதை எடுக்க ஓக்லஹோமாவிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது என்பதை யோசிக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1940களின் தமிழிசை இயக்கத்துக்கு நாற்றங்கால் அது. தமிழில் பாடு என்று தெலுங்குக் கீர்த்தனைகளை எதிர்த்து எழுந்த இயக்கம், தமிழ் நிலத்தின் ஆகப் பழைய வாத்தியத்தை வாசிப்பவரைச் சபைக்குள் அழைக்கவில்லை. நந்தன் வாசலில் நிறுத்தப்பட்ட சிதம்பரத்தில் இது ஆச்சரியமும் இல்லை.

ஆய்வு மாணவனாக எனக்குத் தெரிந்த இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் காலனியில் படித்த இளைஞர்கள் சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று முடிவெடுத்துப் பதினைந்து ஆண்டுகளாகிறது. அது சுயமரியாதை, அதற்காக ஊரோடு மோதியிருக்கிறார்கள். அதே இளைஞர்கள் அம்பேத்கர் பிறந்தநாள் மேடையில் ஃபைபர் பறை கட்டி அடிக்கிறார்கள். கிழவர் இதைப் பார்த்துச் சொன்னார்: “பசங்க மேடையில அடிச்சா கலை. நான் நாப்பது வருசம் அடிச்சது சாவு மேளம்.” அவருடைய குரலில் கோபம் இருந்ததா, கேலி இருந்ததா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இதை மூன்று நிமிட வீடியோவாக்கினால் இரண்டில் ஒரு தரப்பு அசிங்கப்படும். இளைஞர்களின் மறுப்பும் கிழவரின் நாற்பது ஆண்டும் ஒரே படத்தில் ஒன்றையொன்று அடிக்காமல் உட்கார வேண்டுமென்றால் நேரம் வேண்டும். மூன்று மணி நேரம் என்பது குறைவாகக்கூட இருக்கலாம்.

ஆகவே, கேமரா வைத்திருக்கும் தோழர்களிடம் கேட்கிறேன். இப்போது எல்லோர் சட்டைப்பையிலும் ஒன்று இருக்கிறது. அடுத்த முறை கலைக்குழு நண்பர்களைப் பார்க்கப் போகும்போது நிகழ்ச்சியன்று போகாதீர்கள், ஒத்திகையன்று போங்கள். ஓட விடுங்கள். அழகாக எடுக்க வேண்டாம். யார் எந்த அடியைக் கொண்டுவந்தார் என்பது பதிவில் இருக்கட்டும். யாருக்கு எவ்வளவு கூலி பேசப்பட்டது, எவ்வளவு கைக்கு வந்தது என்பதும். பெண்கள் குழுவில் இருந்தால், ஒத்திகை முடிந்து அவர்கள் எத்தனை மணிக்கு, எந்தப் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள் என்பதையும் எடுங்கள். பேட்டி எடுக்கும்போது ‘உங்கள் வலியைச் சொல்லுங்கள்’ என்று தொடங்காதீர்கள். ‘இந்த அடியை எப்படிக் கத்துக்கிட்டீங்க’ என்று கேளுங்கள். போட்டுக் காட்டும்போது அவர்களையே முதலில் உட்கார வைத்துக் காட்டுங்கள். கூண்டு ஏன் இல்லை என்று கேட்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

கிழவரைப் படமெடுக்க நான் அனுமதி கேட்டிருக்கிறேன். ஒரு நிபந்தனை வைத்தார். அவரிடம் இருப்பது தோல் பறை, வேப்பமரச் சட்டம். அடிப்பதற்கு முன்னால் தீயில் காய்ச்ச வேண்டும். வெயில் காலத்தில் ஒரு கை சருகு கொளுத்தினால் போதும், நிமிடத்தில் தோல் விறைத்துக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகையில் சில நாள் முக்கால் மணி நேரம் ஆகும். அடிக்குச்சியையும் சுண்டுக்குச்சியையும் மடியில் வைத்துக்கொண்டு தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த முக்கால் மணி நேரத்தை வெட்டக் கூடாது என்கிறார். மழைக்காலத்திலேயே வா என்றும் சொல்லியிருக்கிறார். ஐப்பசிக்குப் போகிறேன்.